கை உயரும் இடம்

துரை தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பது சின்னவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

அக்காவின் சமையலறையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேடையில் வைத்திருந்த செல்போன் பாட்டோடு அடித்தது. அதுவரை மேஜைக்கடியில் உயிரற்ற மூட்டையாகக் கிடந்த அந்தப் பெரிய கறுப்பு நாய் சட்டென்று எழுந்து வந்து அவள் முழங்காலில் ஒட்டிக்கொண்டது. பழகிய நாய் பக்கத்தில் வந்தால் ஒன்று முகத்தைப் பார்க்கும், இல்லையென்றால் கையைப் பார்க்கும். இது இரண்டையும் பார்க்கவில்லை. பின்புறத்தை அவள் காலோடு அழுத்தி, தலையைத் தாழ்த்தி, வாசல்படியையே பார்த்து நின்றது. அதன் உடம்பில் ஓடிய நடுக்கம் அவள் காலெலும்பு வழியாக ஏறி இடுப்புவரை வந்தது. போன் ஓய்ந்தது. நடுக்கமும் ஓய்ந்தது. துரை திரும்பிப் போய் மேஜைக்கடியில் படுத்துக்கொண்டது.

"யாருடா வர்றா?" என்று கேட்டபடி அவளும் வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. கூடத்தில் அக்காவின் செருப்பு இன்னும் அதே இடத்தில் கிடந்தது. அவ்வளவுதான்.

அக்கா இறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மாடிப்படியில் கால் இடறி விழுந்தாள், கழுத்து முறிந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அத்தான் போனில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. காரியங்கள் முடிந்து சின்னவள் தன் ஊருக்குப் போனாள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குத் திரும்பினாள், மற்றவர்களின் எலும்புகளைப் பார்த்துக்கொண்டு தன் துக்கத்தை மறக்கப் பார்த்தாள். போன வாரம் அத்தான் மறுபடி கூப்பிட்டார். "பாப்பா, நாய் ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குது. ராத்திரி பகல் ஊளை. அக்கா வாசனை உன்கிட்ட கொஞ்சமாவது இருக்கும்ல. நீ வந்து ஒரு வாய் குடுத்துப் பாரு. இல்லன்னா டாக்டர் ஊசி போட்டு முடிச்சிடலாம்னு சொல்றார்."

வந்தாள். துரை அவள் கையை வெகுநேரம் முகர்ந்துவிட்டுச் சாப்பிட்டது. அத்தான் கதவோரம் நின்று அதைப் பார்த்தார். "உன் அக்கா சும்மாவா பேரு வச்சா? துரைக்குக் கையாலதான் ஊட்டணும்" என்று சிரித்தார். அவர் சிரித்த அந்த நொடி நாய் மெல்லுவதை நிறுத்தியது. அவர் உள்ளே போனபிறகுதான் வாயில் இருந்ததை விழுங்கியது.

அத்தானை யாருக்கும் பிடிக்காமல் போகாது. மேடைகளுக்கு ஒலி அமைக்கிற தொழில். வீட்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நாய்களுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கப்போகிறேன் என்று அக்கா கிளம்பியபோது குடும்பமே வாய்விட்டுச் சிரித்தது. நாயோடு மனிதர் ஜோடி சேர்ந்து ஆடுவதா, அதற்குப் போட்டியா, பரிசா! அப்போது சிரிக்காதவர் அத்தான் ஒருவர்தான். மாடியை இடித்துக் கூடமாக்கி, மரத்தரை போட்டு, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்து, மற்றச் சுவர்களுக்கு ஒலி வெளியே போகாதபடி தடித்த நுரைப் பலகை அடித்துக்கொடுத்தார். "உள்ள இடியே விழுந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது பாப்பா" என்று அன்று பெருமையோடு சொன்னார். கொடுத்துவைத்தவள் என்று எல்லோரும் அக்காவைச் சொன்னார்கள். சின்னவளும்தான் சொன்னாள்.

பாத்திரம் கழுவி முடித்து அவள் மேஜையடியில் உட்கார்ந்து துரையைத் தடவிக்கொடுத்தாள். மயிர் உதிர்ந்து கையோடு வந்தது. தோலுக்குக் கீழே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. இடப்பக்கம் ஓர் எலும்பில் விரல் நின்றது. முடிச்சு போன்ற ஒரு மேடு. அதற்கடுத்த எலும்பிலும் ஒன்று. அப்படிப்பட்ட மேட்டைத் தினமும் படத்தில் பார்க்கிறவள் அவள். உடைந்து, யாரும் கட்டுப் போடாமல், தானாகவே கூடிய எலும்பு. ஒரே நாளில் உடைந்தவை அல்ல; ஒன்று பழையது, ஒன்று புதியது.

'எங்கேயாவது வண்டியில் அடிபட்டிருக்கும்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கை மட்டும் அந்த இடத்தை விட்டு வரவில்லை.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. வெளியே ஒரு தொப்பை, அதன்மேல் ஒரு குடை, கீழே ஈரத்தில் நடுங்கிக்கொண்டு ஒரு குட்டையான வெள்ளை நாய்.

"நான் உங்க அக்காவோட ஸ்டூடண்ட்மா. தப்புத்தாளம்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் அக்கா அடிக்கடி சொல்லும் ஆள். ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா; நாய் தாளத்தைப் பிடித்துவிடும், மனுஷன் பிடிக்க மாட்டார்.

"உள்ள வாங்க. இவன்தானே மிளகு?"

"இவனேதான். வெள்ளையா இருக்கானேன்னு கேக்காதீங்க, அதுவும் உங்க அக்கா வச்ச பேரு." அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். மிளகு மாடிப்படியின் முதல் படியை முகர்ந்தது. முகர்ந்த வேகத்தில் பின்வாங்கி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது.

"இவனோட காலர் ஒண்ணு மேல ஹால்ல கிடக்கு. எடுத்துக்கலாம்னு வந்தேன். இப்ப வேணாம்னு தோணுது." அவர் நாயின் காதை நீவினார். "கைன்னு ஒண்ணை ஓங்க மாட்டாங்கம்மா உங்க அக்கா. இடுப்புப் பையில காய்ஞ்ச ஈரல் துண்டு இருக்கும். சரியா செஞ்சா ஒரு துண்டு. தப்பா செஞ்சா ஒண்ணும் கிடையாது, அவ்வளவுதான். வாயே திறக்க மாட்டாங்க. பாட்டுச் சத்தத்துல குரல் கேக்காதுல்ல, எல்லாம் கைச்சாடைதான். கை இப்படிப் போனா சுத்து, அப்படிப் போனா குனி."

"அவ்வளவு சீக்கிரம் கத்துக்குமா?"

"எங்க சீக்கிரம்? ஒரு தடவை நடந்ததை நாய் மறந்துடுமாம். தினம் தினம் நடக்கிறதுதான் அது மனசுல நிக்குமாம். 'அது நல்லதா கெட்டதான்னு அதுக்குத் தெரியாது சார், எது திரும்பத் திரும்ப வருதோ அதுதான் அதுக்கு டான்ஸ்'னு சொல்வாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில புதுசா ஒண்ணு பழக்கிட்டிருந்தாங்க துரைக்கு. காட்டுங்கம்மான்னா, இன்னும் முடியல சார்னுட்டாங்க. கை வேற வலின்னு சொல்லிட்டிருந்தாங்க. முழுக்கை சட்டைதான் போட்டுட்டு வருவாங்க, இந்தப் புழுக்கத்துல."

"என்ன ஆச்சாம் கைக்கு?"

"துரை மேல பாஞ்சுட்டானாம்."

சின்னவளிடமும் அக்கா அதைத்தான் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு தடவையும். முகத்தில் காயமா, துரை தலையால் முட்டிவிட்டான். விரலில் கட்டா, துரை கயிற்றை இழுத்துவிட்டான். ஊரில் உள்ள எல்லாப் பழியையும் சுமந்த அந்த நாய் சமையலறை வாசலில் வந்து நின்று, அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் போன கையோடு மழை இன்னும் வலுத்தது. அத்தான் வேலையிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. சின்னவள் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய அக்காவின் இடுப்புப் பையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மாடிக்கு ஏறினாள். மிளகின் காலரை எடுத்து வைக்கலாம் என்பது காரணம். துரை அவளுக்கு முன்னால் ஏறியது. திருப்பத்தில் ஒரு படியை மட்டும் மிதிக்காமல் தாண்டியது.

மாடிக் கூடத்தில் அடைத்த காற்று. மரத்தரையின் மெழுகும் நாய்மயிரும் பழைய வியர்வையும் கலந்த வாசனை. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மழைச்சத்தம் வெட்டுப்பட்டது போல் நின்றது, தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. கதவின் உள்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட் மினுமினுத்தது. அவள் தற்செயலாகக் கை வைத்தாள். வழவழப்புக்கு அடியில் பள்ளங்கள். விரலை ஓட்டினாள். பின்னங்காலில் நிற்கும் ஒரு பெரிய நாயின் உயரத்தில் தொடங்கித் தரைவரைக்கும் நீள நீளமான பள்ளங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, மரத்தின் சதைவரை போனவை. அதன்மேல் யாரோ பள்ளத்தை நிரப்பும் மக்குப் பூசி, பொறுமையாகத் தேய்த்து, வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

அக்கா படியில் விழுந்தபோது துரை இங்கே உள்ளே அடைபட்டிருந்தது.

அத்தான் அதைச் சொல்லவே இல்லையே.

மூலையில் ஒலிப் பெட்டிகளை இயக்கும் மேஜையும் ஒரு ஸ்டூலும் இருந்தன. அவள் பொத்தானை அழுத்தினாள். கடைசியாகப் பாடிய பாட்டு தானாகத் தொடங்கியது. குழலும் நரம்பிசையுமாய் மெல்லப் புறப்படும் பாட்டு. முதல் ஒலியிலேயே துரையின் காதுகள் நிமிர்ந்தன. ஒரு மாதமாகச் சோறு தண்ணீர் பிடிக்காமல் கிடந்த உடம்பா அது! முன்னங்காலை நீட்டிப் பணிந்தது, அவள் கால்களுக்கிடையே புகுந்து வளைந்து வெளியே வந்தது, பின்பக்கமாகவே நடந்து அவளை ஒரு சுற்றுச் சுற்றியது, பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்களை அவள் கைமேல் வைத்து ஒரு பெண்பிள்ளை மாதிரி நளினமாகத் திரும்பியது. சின்னவளுக்கு ஆடத் தெரியாது. ஆனாலும் நாய் எங்கே இடிக்கிறதோ அங்கே நகர்ந்தால் போதும், ஆட்டம் வந்தது. கண்ணாடியில் தன்னையும் அதையும் பார்த்து அவள் சிரித்தாள், அழுதாள். இதற்காகத்தானேடி உயிரை விட்டாய் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு பாட்டில் முரசு நுழைந்தது.

துரை வாலை இடுக்கியது. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து, முதுகை அவள் காலில் அழுத்தி நின்றது. கதவுக்கு முன்னால் ஓர் இடத்தையே பார்த்தது. அங்கே யாருமில்லை. அது நிமிர்ந்து பார்த்தது ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தை.

முரசு ஒரு தட்டுத் தட்டியது. துரையின் தலை வெடுக்கென்று ஒருபக்கம் திரும்பியது.

அடுத்த தட்டு. இடப்பக்க விலா தரையில் மோதும்படி விழுந்தது. எழுந்தது. மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது.

அடுத்த தட்டு. விழுந்தது.

ஒவ்வொரு தட்டுக்கும். ஒன்றுகூடத் தவறாமல். எலும்பு மரத்தில் இடிக்கும் சத்தம் முரசோடு கச்சிதமாக இணைந்தது. விழுந்து எழும்போதெல்லாம் ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு அவள் கையைப் பார்த்தது. 'சரியாகச் செய்கிறேனா?' அடி வாங்குவதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றுதான் அது நினைத்துக்கொண்டிருந்தது.

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். நுரைப் பலகை முதுகில் அமுங்கியது. தினம் தினம் நடக்கிறதுதான் அதன் மனசில் நிற்கும். பாட்டைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்த இடத்தில் நின்று, தினமும். வெளியே எதுவும் கேட்காத கூடம். அடிக்கிற கைகூடத் தாளத்துக்குப் பழகிப்போகும்வரை.

பாட்டு முடிந்தது. நிசப்தம். அவள் முகமெல்லாம் வியர்வை. துடைக்கக் கையைத் தூக்கினாள். முழங்கை நெற்றிக்கு முன்னால் வந்தது.

துரை பாய்ந்தது.

உறுமவில்லை, குரைக்கவில்லை. சத்தமே இல்லாமல் தரையை விட்டுக் கிளம்பிய அந்தக் கறுப்பு உடம்பு கதவுக்கு முன்னால், ஓர் ஆளின் தொண்டை இருக்கும் உயரத்தில், வெறுங்காற்றைக் கடித்தது. தாடை மூடிய ஓசை பூட்டு விழுந்ததுபோல் கேட்டது. தலையை இருபக்கமும் ஆட்டிக் கிழித்துவிட்டுக் கீழே இறங்கியது. பிறகு நிதானமாக நடந்து வந்து அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, இடுப்புப் பையை முகர்ந்தது. ஈரல் துண்டு கேட்டது.

இன்னும் முடியல சார் என்று அக்கா சொன்னது இதைத்தான்.

முகத்தை மறைக்க அவள் கை எப்படி உயருமோ, அதையே சாடையாக்கியிருக்கிறாள். வாயே திறக்காமல். ஒவ்வொரு துண்டாக நறுக்கி. பொறுமையாக. அவள் படியில் கையைத் தூக்கியபோது நாய் கதவுக்கு உள்ளே இருந்தது.

சின்னவள் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அப்போது கதவு திறந்தது.

"பாட்டு போட்டியா பாப்பா?"

அத்தான் தலை துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். மழையில் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். போன், சாவி எல்லாவற்றையும் வழக்கம்போலக் கீழே மேஜையில் போட்டுவிட்டு வந்திருந்தார். தோளில் ஒரு வளையமாக மைக் வயர் மட்டும். அவர் கதவுக்கு முன்னால் நின்றார். அதே இடத்தில்.

துரை எழுந்து வந்து சின்னவளின் காலில் முதுகை அழுத்தியது.

"மிளகோட காலரை எடுக்க வந்தேன் அத்தான்." இரண்டு கைகளையும் இடுப்புப் பையின் வாரில் கோத்து இறுக்கிக்கொண்டாள். கை தூக்கக் கூடாது. எது நடந்தாலும் கை தூக்கக் கூடாது.

"நாளைக்குக் காலையில டாக்டர் வர்றார். ஊசி போட்டுடலாம். பாவம், எதுக்கு இது கஷ்டப்படணும்."

"நான் கூட்டிட்டுப் போறேன். என்னோட இருக்கட்டும்."

"வேணாம்மா. இதுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சு."

குரலில் அதே கனிவு. ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் சரியென்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருக்கலாம். பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"கதவுக்கு உள்பக்கம் மட்டும் ஏன் அத்தான் பெயிண்ட் அடிச்சீங்க?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு அதைச் சாத்தினார். கைப்பிடியைத் துரை மூக்கால் தள்ளித் திறந்துவிடும் என்று கதவின் உச்சியில் உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். அவர் எக்கி உள்தாழ்ப்பாளைப் போட்டார். நடந்துபோய் மேஜையில் பொத்தானை அழுத்தினார். குழல் ஒலித்தது. திரும்ப வந்து அதே இடத்தில் நின்றுகொண்டார்.

"ஒரு நாய்க்கு எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுப்பா தெரியுமா? ஒரு நாள் முழுக்க. நான் ஒரு வார்த்தை கேட்டா பதில் சொல்லப் பொறுமை இருக்காது." தோளிலிருந்து வயரை எடுத்தார். இரண்டாக மடித்தார். "இந்த ஹாலை யாருக்காகக் கட்டினேன்? சொல்லு."

"அத்தான், வேணாம்."

"அவளும் இதையேதான் சொன்னா."

மழை இல்லை. தெரு இல்லை. உலகமே இல்லை. பாட்டு மட்டும். சின்னவள் பின்னால் நகர்ந்தாள், கண்ணாடியில் முதுகு இடித்தது. துரை நடுவில் நின்றது. அவர் ஓரடி முன்னால் வந்து அதன் விலாவில் ஓங்கி உதைத்தார். அது விழுந்தது, எழுந்தது, வாலை ஆட்டியது.

முரசு நுழைந்தது.

வயர் காற்றை அறுத்தது. முதல் அடி அவள் தோளில். தோல் பிளந்த சூடு. கையை வாரிலிருந்து எடுக்கவில்லை. பல்லைக் கடித்தாள். இரண்டாவது அடி கழுத்தில். எடுக்கவில்லை. மூன்றாவது அடி முகத்துக்கு வந்தது.

கை தானாக உயர்ந்தது.

கறுப்பாக ஏதோ அவள் முன்னாலிருந்து கிளம்பியது. அவர் முகத்தில் ஆச்சரியம் மட்டுமே இருந்தது. அலற வாய் திறந்தார். அலறல் வருகிற வழியையே துரை பிடித்திருந்தது. இருவரும் கதவில் மோதிச் சரிந்தார்கள். தலையை இருபக்கமும் ஆட்டியது. ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அவர் விரல்களை அதன் வாய்க்குள் விட்டு விலக்கப் பார்த்தார். விரல்கள் போயின. புதுப் பெயிண்டின்மேல் ரத்தம் விசிறி அடித்தது. முரசு தட்டியது. அவர் குதிகால் மரத்தரையில் தட்டியது. இரண்டும் ஒரே தாளம்.

சின்னவள் தவழ்ந்துபோய்ப் பாட்டை நிறுத்தினாள்.

அந்தக் கணமே துரை வாயை எடுத்தது. அழகாக நடந்து வந்து அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தது. மார்பு மயிரிலிருந்து சொட்டியது. அவள் கை, யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல், பைக்குள் போய் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தது. கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

அவர் சாகவில்லை. கதவடியில் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பழக்கம் அவளை இழுத்துப்போய் உட்கார வைத்தது. அவர் தலை துவட்டிய துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினாள். பெரிய ரத்தக்குழாய் தப்பியிருந்தது. உடனே ஆள் வந்தால் பிழைப்பார். போன் கீழே இருக்கிறது. கத்தினால் யாருக்கும் கேட்காது, அவரே கட்டிய சுவர்.

"போன் பண்ணிட்டு வர்றேன்" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. அவர் கையை எடுத்துத் துண்டின்மேல் வைத்து அழுத்தினாள். எழுந்தாள். கதவைப் பார்த்தாள்.

தாழ்ப்பாள் உச்சியில் இருந்தது.

அவரும் அதைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார். அது கூடத்தின் நடுவில் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, காதுகளை நிமிர்த்தி, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வால் தரையை மெல்லப் பெருக்கியது. அவர் கண்கள் பிதுங்கின. தலையை ஆட்டினார், ஆட்டும்போது குமிழிகள் பெருகின. எஞ்சியிருந்த ஒரு விரலை மேஜைப் பக்கம் நீட்டினார்.

மேஜைக்கு முன்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ஏறி நின்றால் தாழ்ப்பாள் நெஞ்சுக்கு நேரே வரும். கையை உயர்த்த வேண்டாம்.

சின்னவள் ஸ்டூலைப் பார்த்தாள். அவர் நீட்டிய விரலைப் பார்த்தாள். தான் காட்டியது புரிந்ததா என்று அவர் அவள் முகத்தில் தேடினார். அவள் புரிந்தது என்று தலையசைத்தாள்.

பிறகு கதவருகில் போய், அவர் தலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையை மெதுவாக உயர்த்தினாள்.